தொண்ணூற்றாறு பற்கள்

இருபது லிட்டர்.
ஒரு வாட்டர் கேன் அளவு கடல்,
மஞ்சக்குப்பம் மாடி வீட்டில்
கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே.

டைமரின் வட்டத்தில் தொண்ணூற்றாறு பற்கள்,
பல்லுக்குக் கால்மணி.
அழுத்திய பல்லுக்கு வெளிச்சம்,
அழுத்தாததற்கு இருட்டு.
நீலப் பட்டைக்கு ஒரு டைமர்,
வெள்ளைப் பட்டைக்கு ஒன்று.
நீலம் முதலில் விழிக்கும்,
ஒரு மணி நேரம் பொறுத்து வெள்ளை.
போகும்போது வெள்ளைதான் முன்னால் போகும்.
இருட்டிலிருந்து நேரே நடுப்பகலில் எழுப்பினால்
பவளத்துக்கும் எரிச்சல் வரும்,
சி ஷிப்ட் முடித்துப் படுத்தவனைக்
காலிங்பெல் எழுப்பியதுபோல.

விளக்கை வலைநூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
வாரத்துக்கு ஒரு முடிச்சு இறக்கம்.
அவசரப்பட்டு மூன்று முடிச்சு இறக்கிய வாரம்
பச்சைக் காளான் பவளம் ஓரம் வெளுத்துச் சுருண்டது.
அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி
குடியிருக்கிறது.
வெளிச்சத்தைச் சமைத்து
வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்கும்,
அதுதான் வாடகை.
வெயில் மிஞ்சினால்
வாடகை வருகிறதென்றும் பாராமல்
வெளியே தள்ளிவிடுமாம் பவளம்.
படித்ததும்
ஐந்து வருஷத்தில் நாங்கள் மாறிய மூன்று வீடுகளை
எண்ணிக்கொண்டேன்.

'கடல் கூப்பிடு தூரம்,
நீ உப்பைப் பாக்கெட்டில் வாங்குகிறாயே'
என்றான் பூவராகன்.
நீயும் சிப்காட்டில்தானே வேலை பார்க்கிறாய் என்றேன்.
அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

முதல் மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.
என் ஷிப்ட் மாறும் ஞாயிறெல்லாம்
பற்களையும் மாற்றினேன்,
நான் வீட்டில் இருக்கும் நேரம் அதற்குப் பகலாக.
ஏ வாரம் சாயங்காலம் விடியல்,
பி வாரம் காலையில்,
சி வாரம் எப்போதென்று எனக்கே தெரியாது.
கையை மூடி மூடித் திறக்கும் ஜெனியா
மூன்றாம் ஞாயிறு மூடியது,
திறக்கவில்லை.
புதன்கிழமை சளியாய்க் கரைந்தது.
எட்டு வருஷமாய் மாறி மாறி உழைக்கிறேன்,
நான் கரைந்தா போனேன் என்றேன்.
'யார் சொன்னது போகலைன்னு?'
என்றாள் அமலோற்பவம்.

அப்புறம் ஊர் வழக்கத்துக்கே வந்துவிட்டேன்:
ஒன்பதுக்கு நீலம், பத்துக்கு வெள்ளை,
மூன்றுக்கு வெள்ளை போய்
நாலுக்கு இருட்டு.
பார்க்கக் கிடைத்த வாரம் பார்ப்பது.

ஐப்பசி.
கரண்டு போனால் டைமரும் நிற்கும்.
வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும்.
அரைமணி, முக்கால் மணி, ஒருநாள் ஒன்றரை.
கெடிலத்தில் செந்தண்ணீர்,
ஆள் வராமல் எனக்கு டபுள் ஷிப்ட்.
தூண்டில் கடையில் வாங்கிய பேட்டரி பம்பு
இருட்டில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.
விடியல் தள்ளித் தள்ளிப் போவது தெரிந்தது.
திருகிச் சரிசெய்ய ஒரு விரல் போதும்.
விரல் போகவில்லை.

கார்த்திகை இரண்டாம் வாரம்
பி ஷிப்ட் விட்டு, சொட்டும் ரெயின்கோட்டோடு,
பத்தே முக்காலுக்குக் கதவைத் தள்ளினால்
அறைக்குள் உச்சிவேளை.
காளான் தட்டு தட்டாய் விரிந்து கிடந்தது.
சோவா பொத்தான் ஒன்றுகூட மூடியில்லை.
அமலோற்பவம் ட்யூப்லைட் போடாமல்
அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து
நாளைக்குப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
'நீயாவது டைமரைத் திருகியிருக்கலாமே.'
'எனக்கும் இந்த நேரந்தான் ஒத்துவருது.'

பத்து மணி நேரத்தை
நான் ஒரே ஞாயிறில் தள்ளினேன், செத்தது.
மழை அதே பத்து மணியைக்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளியிருக்கிறது.
கண்ணாடியில் கிழித்த கோடுவரை
வற்றியதற்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த வாரம் ஏ ஷிப்ட்.
நாலரைக்கு எழ
ஒன்பதுக்கே படுத்தாக வேண்டும்.
கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி
பகல் எரிந்துகொண்டிருக்கும்.
எரியட்டும்.
முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வேன்.
வெளிச்சத்தில் தூங்க
எனக்கா சொல்லித்தர வேண்டும்.